பின்லாந்தில் முதல் குளிர்காலம்: ஆகஸ்டில் வந்து இறங்கியவர்களுக்கு

ஆகஸ்டில் ஹெல்சிங்கிக்கு வந்து இறங்கினால் முதல் ஒரு மாதம் ஊர் மிகவும் அன்பாக இருக்கும். இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பக்கத்துக் காட்டில் புளூபெரி பழுத்துக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். நாங்களும் திருச்சியிலிருந்து ஓர் ஆகஸ்டில்தான் வந்தோம். என் கணவருக்குப் பக்கத்து நகரமான எஸ்போவில் வேலை, மகளுக்கு நாலு வயது, நான் இனிமேல்தான் வேலை தேட வேண்டும். ஊரிலிருந்து போன் செய்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "குளிரை எப்படித் தாங்குவீங்க?"

அந்தக் கேள்வியை நம்பி நாங்களும் குளிருக்கு மட்டும் தயாரானோம். எங்களைப் படுக்கப் போட்டது இருட்டு.

டிசம்பர் 21 வாக்கில் ஹெல்சிங்கியில் சூரியன் காலை 9.24க்கு உதித்து மாலை 3.13க்கு மறைந்துவிடுகிறது. நடுவில் ஆறு மணி நேரம்கூட இல்லை. உச்சி வேளையிலும் அடிவானத்துக்கு மேல் சுமார் 6 டிகிரிதான் ஏறுகிறது, எதிரில் ஒரு நாலு மாடிக் கட்டடம் இருந்தால் கண்ணிலேயே படாது. இதே ஊரில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய 19 மணி நேரம். "கெட்ட வானிலை என்று ஒன்று கிடையாது, கெட்ட உடுப்புதான் உண்டு" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். குளிரைப் பொறுத்தவரை அது முழு உண்மை. ஆனால் இருட்டுக்கு எந்தக் கடையிலும் உடுப்பு விற்பதில்லை. அதற்கு நாளையும் வாரத்தையும் விடுமுறையையும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து குளிர்காலம் பார்த்துவிட்டேன். இந்த வருஷம் புதிதாக வந்திருக்கிறவர்கள் என்னைப்போல் தட்டுத்தடுமாற வேண்டாம் என்றுதான் மாத வரிசையில் எழுதுகிறேன்.

செப்டம்பர்: காகித வேலை

முதல் வேலை, குடியிருப்பு அனுமதி அட்டையில் காலாவதித் தேதியைப் பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை, தனித் தேதி, குழந்தைக்கும் சேர்த்து. பின்லாந்து அனுமதி கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கு, விசா இல்லாமல் போகலாம். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் பாஸ்போர்ட், அட்டை இரண்டும் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருக்க வேண்டும். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தில் பின்லாந்துக்குள் இருப்பதில் பிரச்சினை இல்லை. எல்லை தாண்டுவதற்கு அந்த விண்ணப்பம் போதாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பிப்ரவரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, ஜனவரியில் அப்பாவின் அட்டை காலாவதியாகிறது என்பதை டிசம்பரில்தான் கவனித்தது. டிக்கெட் பணம் போனது போனதுதான்.

இரண்டாவது, லீவுக் கணக்கு. இது நம் ஊர்க் கணக்கு மாதிரி இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை வேலை பார்த்த மாதங்களுக்குத்தான் லீவு சேரும். முதல் வருஷத்தில் மாதத்துக்கு 2 நாள், ஒரு வருஷம் முடிந்த பிறகு மாதத்துக்கு 2.5 நாள். சேர்ந்த லீவை மே மாதத்திலிருந்துதான் எடுக்க முடியும். சனிக்கிழமையும் லீவு நாளாக எண்ணப்படும், அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரு வாரம் போனால் 6 நாள் கழியும். ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு முதல் குளிர்காலத்தில் சம்பளத்தோடு லீவு கேட்க உரிமை கிடையாது என்பது இதன் பொருள். கணவருக்கு இது தெரியவந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது. சம்பளமில்லா லீவாகவோ, அடுத்த வருஷத்திலிருந்து முன்கடனாகவோ ஒரு வாரம் தர முடியுமா என்று செப்டம்பரிலேயே மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். இங்கே அப்படிக் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

மூன்றாவது, கேலா என்கிற சமூகக் காப்பீட்டு அலுவலகம் தரும் ஐரோப்பிய மருத்துவ அட்டை. கேலாவின் காப்பீட்டுக்குள் நீங்கள் வந்துவிட்டால் அது இலவசம். நம் போன்ற ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு அது சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க்கில் செல்லாது, ஸ்பெயினில் செல்லும். பின்னால் இது உதவும்.

அக்டோபர்: உடுப்பு

ஊரிலிருந்து ஸ்வெட்டர் மூட்டை கட்டி வராதீர்கள். வந்திருந்தால் வீட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், அதற்கும் வழியில்லை. இங்கே வீட்டுக்குள் குளிரே கிடையாது. மூன்று அடுக்குக் கண்ணாடி ஜன்னல், குழாயில் வரும் வெந்நீர்ச் சூடு, எப்போதும் 21 டிகிரி வாக்கில் இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அந்தச் செலவு வாடகையிலேயே அடங்கிவிடும்.

வெளியே போவதற்கு மூன்று அடுக்கு. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி. அதன்மேல் ஃபிளீஸ் அல்லது கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட்டு. பருத்தி பனியனை உள்ளே போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் வேர்க்கும், பருத்தி அந்த வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கும்போது முதுகெல்லாம் சில்லிட்டுப்போகும். ஜீன்ஸும் அப்படித்தான். ஹெல்சிங்கி கடலோர ஊர். ஈரக்காற்றோடு வரும் மைனஸ் 2, காற்றே இல்லாத மைனஸ் 15ஐவிடக் கொடுமையாக இருக்கும். வெப்பநிலை எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே கம்பளி சாக்ஸுக்கும் கொஞ்சம் காற்றுக்கும் இடம் வேண்டும். இறுக்கமான காலணி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கால் விறைத்துப்போகும். கைக்கு, ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் உறையைவிட விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் உறை கதகதப்பானது.

குழந்தைக்கு வேண்டியது பெரிய பட்டியல். இங்கே பால்வாடியில் பிள்ளைகளைத் தினமும் வெளியே விடுவார்கள், மழையானாலும் பனியானாலும். பொதுவாக மைனஸ் 15 வாக்கில் போகும்போதுதான் உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரே மாதத்தில் மகளுக்குச் சளி பிடிப்பது குறையும் என்றெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை, அது குறையவும் இல்லை. ஆனால் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். வாங்க வேண்டியவை: 'ஹாலாரி' எனப்படும் தலை முதல் கால் வரையிலான ஒரே உடுப்பு, சேற்றுக்கு ரப்பர் கால்சட்டையும் மேல்சட்டையும், இரண்டு மூன்று ஜோடி கையுறை, காதையும் கழுத்தையும் சேர்த்து மூடும் தொப்பி. நீளமான மஃப்ளர் வேண்டாம். சறுக்கு மரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கும் என்பதால் பால்வாடியில் அனுமதிக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒட்டுங்கள், ஒவ்வொரு சாக்ஸிலும்.

இதையெல்லாம் புதிதாக வாங்கினால் ஒரு மாதச் சேமிப்பு போய்விடும். 'கிர்ப்பிஸ்' என்று ஒரு வகைக் கடை ஊருக்கு ஊர் உண்டு. மக்கள் வாரக்கணக்கில் ஒரு மேசையை வாடகைக்கு எடுத்துத் தங்கள் பழைய பொருள்களை விலை ஒட்டி வைத்திருப்பார்கள், பணத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். பிள்ளைகள் ஒரே சீசனில் வளர்ந்துவிடுவதால் நல்ல நிலையில் ஹாலாரி கிடைக்கும். பழைய துணி வாங்குவதில் இந்த ஊரில் எந்தக் கூச்சமும் கிடையாது, நல்ல வேலையில் இருப்பவர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள். காலணியை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

நவம்பர்: இதுதான் பரீட்சை

பின்னிஷ் மொழியில் நவம்பருக்கு 'மர்ரஸ்கூ' என்று பெயர். சாவைக் குறிக்கும் பழைய சொல் அதற்குள் இருக்கிறது. நாளுக்கு நாலைந்து நிமிடம் வீதம் பகல் தேய்ந்து, மாதக் கடைசியில் ஆறரை மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். பனி விழுந்து நின்றால் தரையாவது வெள்ளையாக இருந்து வெளிச்சத்தைத் திருப்பித் தரும். நவம்பரில் பெரும்பாலும் அதுவும் இருக்காது. மழை, ஈரத் தார்ச்சாலை, மேகம். நாள் கணக்கில் சூரியன் தலைகாட்டாது.

அந்த முதல் நவம்பரில் நான் வீட்டிலேயே இருந்தேன். மகளைக் காலையில் இருட்டில் பால்வாடியில் விட்டு வந்து படுத்தால் பதினொன்றுக்குத்தான் எழுவேன். சமைத்து முடிப்பதற்குள் மறுபடி இருட்டிவிடும். என்னவோ உடம்பு சரியில்லை, இரத்தம் குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வேலைக்குப் போகிறவருக்கு ஆபீஸ் விளக்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். துணையாக வந்து வீட்டில் இருப்பவர்தான் இந்த இருட்டை முழுசாக வாங்கிக்கொள்கிறார். இதைப் படிக்கும் கணவர்களும் மனைவிகளும் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன்.

பகல் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் அரை மணி நேரம் வெளியே நடந்துவிட வேண்டும். மேகம் மூடியிருந்தாலும் சரி, தூறினாலும் சரி. மேகத்துக்கு அடியில் கிடைக்கும் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆபீஸ் போகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். இங்கே பலர் அப்படி நடப்பதைப் பார்ப்பீர்கள்.

காலையில் பிரகாச விளக்கு. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்று பெட்டியில் எழுதியிருக்கும். மின்சாதனக் கடைகளில் கிடைக்கும். எழுந்ததும் காபி குடிக்கும் நேரத்தில் இருபது முப்பது நிமிடம் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், உற்றுப் பார்க்கத் தேவையில்லை. சாயங்காலம் போடாதீர்கள், தூக்கம் கெடும். கண் நோய் இருப்பவர்கள், மனநலத்துக்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எனக்கு இது ஒரு வாரத்தில் வித்தியாசம் காட்டியது. முதலிலேயே வாங்கியிருக்கலாமே என்று இப்போதும் தோன்றும்.

வைட்டமின் டி. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த அட்சரேகையில் வெயிலிலிருந்து தோலுக்கு அது கிடைக்கவே கிடைக்காது. நம் நிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். கடையில் விற்கும் பாலில் சேர்த்திருப்பார்கள், ஆனாலும் மாத்திரை தேவைப்படும். பெரியவர்களுக்குப் பொதுவாக நாளைக்கு 10 மைக்ரோகிராம் என்பது இங்கத்திய அறிவுரை. குழந்தைக்கு எவ்வளவு என்பதைத் தாய்சேய் நல மையமான 'நெவ்வோலா'வில் வயதுக்கு ஏற்றபடி சொல்வார்கள். ஊரில் எழுதிக்கொடுத்த அதிகச் சக்தி மாத்திரையை நீங்களாகவே தொடராதீர்கள்.

போவதற்கு ஓர் இடம் வைத்துக்கொள்ளுங்கள். நூலகம் போல ஓர் இடம் கிடையாது. ஹெல்சிங்கி நடுவில் 2018 டிசம்பரில் திறந்த 'ஓடி' என்ற நூலகத்தில் தையல் இயந்திரம்கூட இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள். குழந்தைகள் தவழ்ந்து விளையாடத் தனி இடமே உண்டு. சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பேட்டைக்குப் பேட்டை நகராட்சியின் விளையாட்டுப் பூங்கா, அதற்குள் ஒரு வீடு, காபி போட்டுக் குடிக்க இடம் எல்லாம் இருக்கும். அங்கேதான் எனக்கு முதல் சிநேகிதி கிடைத்தாள்.

சௌனா, அதாவது உட்கார்ந்து வேர்க்க வைக்கும் வெப்ப அறை. அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் பொதுச் சௌனா உண்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம் உங்கள் வீட்டுக்கென்று முறை ஒதுக்கி வாங்கலாம். சுமார் 56 லட்சம் பேர் உள்ள நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் சௌனா இருக்கிறது என்றால் காரணம் இல்லாமல் இல்லை. கூச்சப்படாமல் குடும்பமாகப் போங்கள். எலும்பு வரை சூடு இறங்கி வெளியே வரும்போது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடித்த அதே அலுப்பும் சுகமும் வரும்.

வீட்டிலும் விளக்கை மிச்சம் பிடிக்காதீர்கள். பின்னிஷ்காரர்கள் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுவர்த்தியும் நட்சத்திர விளக்கும் வைப்பார்கள். டிசம்பர் 6, அவர்கள் சுதந்திர தினத்தன்று மாலை, ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். நம் கார்த்திகை தீபமும் இந்த நாட்களை ஒட்டித்தான் வரும். நாங்கள் அகல் விளக்குகளை ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம், எதிர்வீட்டுப் பாட்டி கையசைத்தார். சாம்பிராணி போடும்போது மட்டும் கவனம், மேற்கூரையில் புகை எச்சரிப்பான் எல்லா வீட்டிலும் இருக்கும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து அழுகையும் தூக்கமுமாக இருந்தால் அது சோம்பல் இல்லை, சோர்வு நோய். அதற்கு இங்கே பெயரே இருக்கிறது. வேலையில் இருப்பவர் நிறுவனத்தின் மருத்துவச் சேவையிலும் மற்றவர்கள் சுகாதார மையத்திலும் சொல்லுங்கள். எந்த டாக்டரும் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்.

கீழே விழாமல் நடப்பது

மைனஸ் 20ஐவிட ஆபத்தானது சைபர் டிகிரி. பகலில் உருகியது இரவில் உறைந்து கண்ணாடிபோல் கிடக்கும், அதன்மேல் மெல்லிய நீர். வானிலை நிலையம் நடைபாதை வழுக்கலுக்கென்றே தனி எச்சரிக்கை விடுகிறது, காலையில் அதைப் பாருங்கள். காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை 'லியூக்குஎஸ்டே' என்ற பெயரில் கிடைக்கும். இல்லையென்றால் ஆணி வைத்த காலணியே வாங்கலாம். சின்னச் சின்ன அடி, உடம்பின் எடை முன்காலில், கை பாக்கெட்டுக்கு வெளியே.

கணவர் முதல் நவம்பரில் பஸ் நிறுத்தத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் முதலாளியின் கட்டாயக் காப்பீட்டுக்குள் வரும் என்பது எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அப்படி விழுந்தால் அன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், எந்த இடம், எத்தனை மணி என்று குறித்து வையுங்கள். அவசரத்துக்கு 112. அவசரமில்லாமல், எங்கே போவது என்று தெரியாத உடம்புக் கோளாறுக்கு 116117.

இன்னொன்று, கோட்டிலும் பையிலும் ஒளித்தகடு தொங்கவிடுங்கள். கறுப்புக் கோட்டு போட்டு இருட்டில் நடப்பவர் கார் ஓட்டுபவர் கண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை தெரியவே மாட்டார். குழந்தைக்கு இரண்டு பக்கமும் மாட்டுங்கள். அதேபோல் நடைபாதையில் சுவருக்குச் சாய்த்துக் குச்சி வைத்திருந்தால் கூரையிலிருந்து பனி தள்ளுகிறார்கள் என்று அர்த்தம், எதிர்ப்பக்கம் போங்கள். கடல் உறைந்திருக்கிறதே என்று மற்றவர் காலடித் தடம் இல்லாத இடத்தில் இறங்காதீர்கள்.

டிசம்பரும் தையும்

பனி விழுந்துவிட்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஊரே வெளுத்துப்போகும். பிள்ளைக்கு ஒரு பனிச்சறுக்குத் தட்டு வாங்கிக் கொடுங்கள், பத்து யூரோவில் குளிர்காலம் முழுவதும் ஓடும். பள்ளி மைதானங்களில் நகராட்சி தண்ணீர் ஊற்றி உறைய வைக்கும், யார் வேண்டுமானாலும் சறுக்கலாம்.

சமையலறைக்கு ஒரு குறிப்பு. தேங்காய் எண்ணெய் குளிர்காலம் முழுவதும் கட்டியாகத்தான் இருக்கும். இட்லி மாவு மேடையில் வைத்தால் புளிக்காது. குளியலறைத் தரையில் சூடு ஓடும் வீடாக இருந்தால் இரவு அங்கே வையுங்கள், இல்லையென்றால் மின் அடுப்பின் ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். காற்று மிகவும் வறண்டிருப்பதால் சிலருக்கு மூக்கில் இரத்தம் வரும். ஈரத் துணியை அறையிலேயே காயப்போட்டால் கொஞ்சம் குறையும்.

கிறிஸ்துமஸ் என்றால் டிசம்பர் 24தான் பெரிய நாள். அன்று நண்பகல் துர்க்கு நகரத்தில் பால்கனியிலிருந்து 'கிறிஸ்துமஸ் அமைதி' அறிவிப்பார்கள், அதன்பின் ஊர் நிஜமாகவே அடங்கிவிடும். பஸ்ஸும் குறையும். பாலும் காய்கறியும் முந்தைய நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஜனவரி நடுவில் பொங்கல். சூரியன் காலை ஒன்பதைத் தாண்டித்தான் வரும். திருச்சியில் விடியுமுன் அடுப்பு மூட்டிய கைக்கு இது விநோதமாக இருந்தது. இங்கே நிதானமாக எழுந்து குளித்து, பானையை வைத்துவிட்டு, ஜன்னலில் காத்திருக்கலாம். அந்த முதல் வருஷம் மேகம் விலகி ஓர் ஆரஞ்சுக் கீற்று மரங்களுக்கு நடுவே வந்தபோது மகள்தான் முதலில் பார்த்து "சூரியன் வந்துருச்சு" என்று கத்தினாள். சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றுதான் எனக்குத் தொண்டை அடைத்தது.

வெயிலைத் தேடி ஒரு வாரம்

சேர்த்த லீவையெல்லாம் ஊருக்குப் போகத்தான் வைத்திருப்போம். அதில் ஒரு வாரத்தைப் பிரித்து வெயிலுக்கென்று வைக்கச் சொல்கிறேன். ஊருக்குப் போனால் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை, பல் டாக்டர். உடம்பு ஓய்வதில்லை.

எங்கே? பின்னிஷ்காரர்கள் பல தலைமுறையாகப் போகும் இடம் கனேரித் தீவுகள். ஸ்பெயினுக்குச் சொந்தம், ஷெங்கனுக்குள் இருப்பதால் விசா வேண்டாம். நேர் விமானத்தில் ஆறு மணி நேரம் சொச்சம். டெல்லியின் அட்சரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் டிசம்பரிலும் பகல் பத்து மணி நேரத்துக்கு மேல். குளிர்கால மதியம் 20, 22 டிகிரி இருக்கும். லண்டன் வழியாகப் போகும் மலிவு டிக்கெட்டைப் பார்த்தால் கை வைக்காதீர்கள், அது ஷெங்கன் இல்லை. நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே வேறு கேள்விகள் வரும்.

எப்போது? பள்ளிப் பிள்ளை இருந்தால் ஹெல்சிங்கிப் பகுதிக்கு 8ஆம் வாரம், பிப்ரவரி பின்பாதியில், குளிர் விடுமுறை. இங்கே எல்லாவற்றையும் வார எண்ணில்தான் சொல்வார்கள், காலண்டரில் அதைக் கவனிக்கப் பழகுங்கள். மேற்கே 9, கிழக்கும் வடக்கும் 10 என்று பிரித்து விடுவார்கள். அந்த வாரங்களில் விலை ஏறும். நாங்கள் முதல் வருஷம் 8ஆம் வாரம்தான் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஹெல்சிங்கியில் பகல் ஒன்பதரை மணி நேரம், நீல வானம், பளபளக்கும் பனி. வருஷத்திலேயே அழகான வாரத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறோம்! இரண்டாவது வருஷத்திலிருந்து நவம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றிக்கொண்டோம். விலையும் குறைவு, இருட்டின் நடுவில் ஓர் இடைவெளியும் கிடைத்தது. மகள் பள்ளிக்குப் போன பிறகும் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் சில நாள் அனுமதி தருகிறார்கள், பாடத்தை மட்டும் கையோடு கொண்டுபோக வேண்டும். பிள்ளை இல்லாதவர்களுக்கு ஜனவரி பின்பாதியும் நல்லது.

எப்படி எடுப்பது? முதல் தடவை விமானம், தங்குமிடம், பஸ் மூன்றும் சேர்ந்த தொகுப்புப் பயணமாக எடுங்கள். 'ஆக்கிலாஹ்தோ' என்று தேடினால், சில நாளில் கிளம்பும் பயணங்கள் மலிவாக வரும். சமையலறை உள்ள குடியிருப்பாகக் கேளுங்கள். நாங்கள் அரிசியும் பருப்புப் பொடியும் மட்டும் கொண்டுபோவோம்.

தீவில் எந்தப் பக்கம் என்பது முக்கியம். கனேரித் தீவுகளில் ஒன்றான கிரான் கனேரியாவில் வடக்கே உள்ள லாஸ் பால்மாஸ் அழகான நகரம்தான், ஆனால் கடற்காற்று கொண்டுவரும் மேகம் மலையில் முட்டி அந்தப் பக்கமே நிற்கும். நீங்கள் வெயிலுக்காகப் போகிறீர்கள், தெற்கே மாஸ்பலோமாஸ் பக்கம் தங்குங்கள். மணற்குன்றுகள் கடல் வரை இறங்கும். லாஸ் பால்மாஸுக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய் வரலாம். அங்கே பஸ்ஸுக்கு 'வாவா' என்று பெயர், எங்கள் மகளுக்கு அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது.

சாப்பாட்டில் நமக்குச் சொந்தம் நிறைய. உப்புத் தண்ணீரில் தோல் சுருங்க வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்பு மோஹோ அல்லது கொத்தமல்லிப் பச்சை மோஹோ. நம் சட்னிதான், எண்ணெய் கொஞ்சம் தூக்கல். 'கோஃபியோ' என்பது தானியத்தை வறுத்து அரைத்த மாவு, வாசனை அப்படியே சத்துமாவு. சைவர்கள் "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று மூன்றையும் சொல்ல வேண்டும். இறைச்சி வேண்டாம் என்றால் பன்றி ஹாம் அதில் அடங்காது என்று நினைப்பவர்கள் உண்டு. லாஸ் பால்மாஸில் பல தலைமுறையாகச் சிந்தி வணிகர்கள் இருக்கிறார்கள், மசாலா வேண்டுமென்றால் தேடினால் கிடைக்கும்.

பிப்ரவரியில் கடல் 19 டிகிரி வாக்கில்தான். நமக்குச் சில்லென்று இருக்கும், நீச்சல் குளம் சூடாக்கப்பட்டதா என்று முன்பே கேளுங்கள். கரையில் சிவப்புக் கொடி இருந்தால் கால்கூட நனைக்க வேண்டாம், அட்லாண்டிக் இழுக்கும். மூன்று மாதம் வெயில் படாத தோல், நம் நிறமானாலும் சன்ஸ்கிரீன் போடுங்கள். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து மணல் புழுதிக் காற்று வீசும் நாளில் ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளேயே இருங்கள்.

மருத்துவ அட்டை அரசு மருத்துவமனைக்கு மட்டும்தான் உதவும், தனியே பயணக் காப்பீடும் எடுங்கள். இந்தத் தீவுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருப்பதால் திரும்பும்போது சுங்க வரம்பு உண்டு. விமானத்தில் வருபவருக்கு 430 யூரோ வரையிலான பொருளுக்குத்தான் விலக்கு. மலிவாக இருக்கிறதே என்று கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்.

திரும்பி வந்து

கோட்டு, தொப்பி, கையுறையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். எங்கள் பெட்டி ஒரு தடவை இரண்டு நாள் தாமதமாக வந்தது. நடு இரவில் மைனஸ் 17, குழந்தை மெல்லிய சட்டையில். டாக்ஸி வரை என் சால்வையைச் சுற்றித் தூக்கி வந்தேன்.

இரண்டு மணி நேர வித்தியாசம்தான் என்றாலும் மறுநாள் காலை எழுவது கஷ்டமாக இருக்கும். ஒரு நாள் லீவை அதற்கென்று மிச்சம் வையுங்கள். பிரகாச விளக்கை அடுத்த நாளே மறுபடி தொடங்குங்கள், போன வாரம் வெயில் பார்த்தாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம்.

மார்ச்சில் பனியின் மேல் வெயில் அடித்துக் கண் கூசும், கறுப்புக் கண்ணாடி தேவைப்படும். குளிர்காலத்தில் வழுக்காமலிருக்க நடைபாதையில் தூவிய சரளையை ஏப்ரலில் கூட்டி அள்ளும்போது தூசி கிளம்பும். அந்த வாரம்தான் கம்பளித் துணிகளைத் துவைத்து, நன்றாகக் காயவைத்து, மூட்டை கட்டும் வாரம். அதே வாரம் கிர்ப்பிஸுக்கும் போங்கள், எல்லோரும் குளிர்கால உடுப்பை விற்றுத் தள்ளுவார்கள். குழந்தை உடுப்பு இங்கே உயரத்தின் சென்டிமீட்டரில் வரும். இப்போது 116 என்றால் அடுத்த அக்டோபருக்கு 122 எடுத்து வையுங்கள், முழங்காலும் பின்பக்கமும் தேயாததாகப் பார்த்து.